கட்டிலருகே கர்ப்ப ஹார்மோன் பரிசோதனை: கிட்டை நம்பும் முன் சோதித்துப் பார்ப்பது எப்படி?

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் மைமோனிடிஸ் மருத்துவமனை இருக்கிறது. அதன் அவசரப் பிரிவு மருத்துவர்கள் அன்றாடம் சந்தித்த சிக்கல் ஒன்று உண்டு. வயிற்று வலியோடும் மயக்கத்தோடும் வரும் பெண்ணால் உடனே சிறுநீர் கொடுக்க முடியாது. ஆய்வகத்துக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு வரவும் நேரமாகும். அதற்குள் கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் வெடித்துவிடலாம். சிறுநீருக்கென்று செய்த கேசட்டிலேயே முழு ரத்தத்தை விட்டுப் பார்த்தால் என்ன என்று அவர்கள் யோசித்தார்கள். 425 பெண்களிடம் செய்த அந்த ஆய்வு 2012-ல் வெளியானது. ஆய்வக முடிவோடு ஒப்பிட்டபோது, ரத்தம் விட்ட கேசட் கர்ப்பிணிகளில் 95.8 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது; சிறுநீர் 95.3 சதவீதம் பேரை. கர்ப்பமில்லாத யாரையும் இரண்டுமே கர்ப்பிணி என்று காட்டவில்லை.

நல்ல முடிவுதான். ஆனாலும் 100 கர்ப்பிணிகளில் நான்கு பேரைக் கேசட் தவறவிட்டிருக்கிறது. அந்த நான்கு பேர் யார், அவர்களுடைய ஹார்மோன் அளவு என்ன, கோட்டைப் பார்த்துப் படித்தவர் யார் என்ற கேள்விகளில்தான் ஒரு பரிசோதனையின் துல்லியம் இருக்கிறது. பெட்டியின் மேல் '99 சதவீதம் துல்லியம்' என்று அச்சிட்டிருப்பது இவற்றுக்குப் பதில் சொல்லாது.

சிறிய மருத்துவமனையிலோ நர்சிங் ஹோமிலோ கட்டிலருகே செய்யும் ரத்தப் பரிசோதனையைக் கொண்டுவர விரும்பும் மருத்துவர், லேப் டெக்னீஷியன், செவிலியர் ஆகியோருக்கானது இந்த அத்தியாயம். புது கிட்டையோ கருவியையோ தங்கள் இடத்தில், தங்கள் நோயாளிகளின் ரத்தத்தில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறது.

தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம்

கர்ப்ப ஹார்மோனான ஹெச்.சி.ஜி.யில் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு துண்டுகள். ஆல்ஃபா துண்டு எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., டி.எஸ்.ஹெச். ஆகிய ஹார்மோன்களிலும் இருக்கிறது. அதனால்தான் பரிசோதனைகள் பீட்டாவைத் தேடுகின்றன. பீட்டாவை மட்டும் பிடிக்கும் ஆய்வக முறை 1972-ல் வந்தது.

இங்கே 'அலகு' என்று வருவதெல்லாம் ஒரு மில்லி லிட்டருக்கு ஒரு மில்லி சர்வதேச அலகு. ஆய்வக அறிக்கையில் எம்.ஐ.யூ./எம்.எல். என்றிருக்கும். கர்ப்பமில்லாத இளம்பெண்ணுக்கு இது பொதுவாக 5 அலகுக்குக் கீழே. கரு பதிந்த பிறகு ஏறத் தொடங்கி, 8 முதல் 11 வாரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அப்போது லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. சிறுநீர் கேசட்டுகள் பலவும் 25 அலகில் கோடு காட்டும்படி செய்யப்பட்டவை.

முதலில் கேள்வியை எழுதுங்கள்

பலர் கிட்டை வாங்கிவிட்டுப் பிறகுதான் அதை எதற்குப் பயன்படுத்துவது என்று யோசிக்கிறார்கள். கேள்வி இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒன்று, 'கர்ப்பமா, இல்லையா?' அவசரப் பிரிவிலும், அறுவைக்கு முன்பும், ஸ்கேனோ எக்ஸ்ரேயோ எடுக்கும் முன்பும் கேட்கப்படும் கேள்வி இது. கோடு காட்டும் கேசட் போதும். இங்கே பெரிய ஆபத்து, கர்ப்பத்தைத் தவறவிடுவது.

இரண்டு, 'அளவு எவ்வளவு, ஏறுகிறதா?' ஆரம்பக் கர்ப்பத்தில் ரத்தப்போக்கு உள்ளவரைத் தொடர்ந்து கவனிக்கும்போது வரும் கேள்வி. இதற்கு எண் காட்டும் கருவி வேண்டும். கையடக்க ஐ-ஸ்டாட் கருவியின் பீட்டா ஹெச்.சி.ஜி. கார்ட்ரிட்ஜ் 5 முதல் 2000 அலகு வரை அளந்து, ஏறத்தாழ 10 நிமிடத்தில் எண் தருகிறது. இங்கே ஆபத்து வேறு: எண்ணில் இருக்கும் சின்னச் சாய்வுகூடச் சிகிச்சையை மாற்றிவிடும்.

எந்தக் கேள்வி என்பதோடு, எவ்வளவு பிழை வரை ஏற்போம் என்பதையும் ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு வரம்பை நகர்த்துவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

ஆய்வுக்கு முன்னேற்பாடு

1. கிட்டோடு வரும் தாளைக் கடைசி வரி வரை படியுங்கள். முழு ரத்தம், சீரம், பிளாஸ்மா, சிறுநீர் இவற்றில் எதற்கு அனுமதி என்று பாருங்கள். மருந்துக்கடையில் விற்கும் கேசட் பெரும்பாலும் சிறுநீருக்கு மட்டும். அதில் ரத்தம் விடுவது தயாரிப்பாளர் உறுதி தராத பயன்பாடு. புரூக்ளின் ஆய்வில் வந்த முடிவு அவர்கள் பயன்படுத்திய கேசட்டுக்கு உரியது. இன்னொரு பிராண்டுக்கு அது செல்லாது. ஹெப்பாரின் ட்யூப் என்று தாளில் இருந்தால் ஈ.டி.டி.ஏ. ட்யூப் ரத்தத்தை விடக்கூடாது.

2. ஒப்பிட ஓர் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுங்கள். சீரத்தில் பீட்டா ஹெச்.சி.ஜி.யை எண்ணாக அளக்கும் ஆய்வகம் அது. ஆய்வு முடியும் வரை ஒரே ஆய்வகம், ஒரே கருவி. பெரும்பாலான கருவிகளும் உலக சுகாதார நிறுவனத்தின் தரப்பொருளை (75/589, 07/364 போன்றவை) வைத்துச் சீர் செய்யப்பட்டவைதான் என்றாலும், ஹார்மோனின் உடைந்த துண்டுகளை ஒவ்வொரு நிறுவனத்தின் முறையும் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். ஆகவே ஒரே ரத்தத்துக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண் தருவது சகஜம். வெளித்தர மதிப்பீட்டில் பங்கேற்கும் ஆய்வகமா என்று கேளுங்கள், வேலூர் சி.எம்.சி. அப்படியொரு திட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது.

3. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெண்ணின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வாங்குங்கள். ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இதற்கு வழிகாட்டும். முடிவு முதலில் அந்தப் பெண்ணுக்குத்தான் சொல்லப்பட வேண்டும். கணவருக்கோ மாமியாருக்கோ வராந்தாவில் நின்று சொல்வது கூடாது. திருமணமாகாத பெண்ணின் விஷயத்தில் இது இன்னும் கவனமாகக் காக்கப்பட வேண்டும்.

4. சோதனையில் இருக்கும் கிட்டின் முடிவை வைத்துச் சிகிச்சை செய்யக் கூடாது. ஆய்வு முடியும் வரை ஆய்வக முடிவுதான் சிகிச்சைக்கு ஆதாரம்.

யாருடைய ரத்தம், எத்தனை பேர்?

துல்லிய ஆய்வுகள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இது. இரண்டரை மாதக் கர்ப்பிணிகளாகச் சேர்த்து ஆய்வு செய்தால் எந்த மோசமான கிட்டும் 100 சதவீதம் வாங்கிவிடும். அவர்களிடம் ஹார்மோன் பல்லாயிரம் அலகு இருக்கும். கிட் தடுமாறும் இடம் 5 முதல் 50 அலகு வரை. கருக்குழாய்க் கர்ப்பம், கலைந்துகொண்டிருக்கும் கர்ப்பம், தீட்டு தள்ளிப்போன முதல் நாட்கள் எல்லாம் அந்த எல்லைக்குள் வரக்கூடியவை. ஆகவே அந்த எல்லைக்குள் இருக்கும் மாதிரிகளைத் தேடித் தேடிச் சேர்க்க வேண்டும். கர்ப்பமில்லாதவர்களிலும் 45 வயதைத் தாண்டியவர்கள் கொஞ்சம் பேர் வேண்டும். மாதவிடாய் நிற்கும் வயதில் பிட்யூட்டரி சுரப்பியே சிறிதளவு ஹெச்.சி.ஜி. சுரக்கலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு 14 அலகு வரை இயல்பாகக் கொள்ளலாம் என்ற பரிந்துரை இருக்கிறது.

எத்தனை பேர் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று. தவறே வராவிட்டால், 3-ஐ மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் உண்மையில் இருக்கக்கூடிய பிழையின் மேல் எல்லை. 30 கர்ப்பிணிகளையும் கிட் சரியாகச் சொன்னால் 3/30, அதாவது 10 சதவீதப் பிழை ஒளிந்திருக்க இடமுண்டு. 300 பேர் என்றால் 1 சதவீதம். '30 பேரிடம் பார்த்தோம், ஒன்றுகூடத் தப்பவில்லை' என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கலாம்.

குறைந்த அளவு மாதிரிகள் கிடைக்காதபோது ஒரு வழி உண்டு. அளவு தெரிந்த ஒரு கர்ப்பிணியின் சீரத்தை, ஹார்மோன் இல்லாத சீரத்தோடு கலந்து 10, 15, 20, 25, 30, 50 அலகுகளாக நீர்க்கச் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் 20 கேசட்டில் விடுங்கள். எந்த அளவில் பாதி கேசட்டுகள் கோடு காட்டுகின்றன, எந்த அளவில் ஏறத்தாழ எல்லாமே காட்டுகின்றன என்று தெரிந்துவிடும். '25 அலகு' என்று பெட்டியில் போட்ட கிட் 25-ல் 20-க்கு 13 தடவைதான் கோடு காட்டுகிறது என்றால், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும். இது நிஜ நோயாளிகளின் மாதிரிகளுக்குத் துணைதான். அவற்றுக்குப் பதிலாக ஆகாது.

முழு ரத்தம் என்றால் இன்னொரு கணக்கு

ஹார்மோன் பிளாஸ்மாவில் மட்டும் இருக்கிறது. சிவப்பணுக்கள் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. பிளாஸ்மாவில் 30 அலகு உள்ள பெண்ணின் ஹீமட்டோக்ரிட் 40 சதவீதம் என்றால், அவருடைய முழு ரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்குக் கிடைப்பது 18 அலகுதான். ஆய்வகம் 'பாசிட்டிவ்' என்று சொல்லும் அதே ரத்தம், 25-ல் விழித்துக்கொள்ளும் கேசட்டில் கோடே காட்டாமல் போகலாம். ஹீமட்டோக்ரிட் 25 ஆக இருக்கும் ரத்தசோகைப் பெண்ணுக்கோ அது 22.5 அலகு. பிளாஸ்மாவில் ஒரே அளவு உள்ள இரண்டு பேருக்குக் கோட்டின் அழுத்தம் வேறுபடும்.

இந்தியாவில் இதை ஒதுக்க முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வெளிநாட்டில் ஆரோக்கியமான ரத்தத்தில் செய்த ஆய்வின் எண் இங்கே அப்படியே பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு மாதிரியிலும் ஹீமட்டோக்ரிட்டைப் பதிவு செய்யுங்கள். முடிந்த அளவு மாதிரிகளில், அதே ட்யூபின் ரத்தத்தை ஒரு கேசட்டிலும், சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பிரித்த பிளாஸ்மாவை இன்னொரு கேசட்டிலும் விட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

சோதனை நாள்: வரிசை

1. கிட் வைத்திருந்த இடத்தின் வெப்பத்தைப் பாருங்கள். பல கிட்டுகள் 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டியவை. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரை ஸ்டோரில் இருந்த பெட்டியை வைத்து ஆய்வு செய்து பயனில்லை. குளிர்பெட்டியில் இருந்தது என்றால் அறை வெப்பத்துக்கு வரட்டும். அதன் பிறகு உறையைப் பிரியுங்கள்.

2. லாட் நம்பரையும் காலாவதித் தேதியையும் எழுதுங்கள்.

3. கையுறை அணிந்து, ஒருமுறை மட்டும் பயன்படும் லான்செட்டால் குத்துங்கள். ஸ்பிரிட் முழுதும் காய்ந்த பிறகே குத்த வேண்டும். முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியை எடுங்கள். விரலைப் பிழியக் கூடாது. திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும்.

4. ஆய்வகத்துக்கான ரத்தத்தை அதே நேரத்தில் எடுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று கூடாது.

5. துளிகளை எண்ணிவிடுவதைவிட, கிட்டோடு வரும் பிப்பெட்டின் கோடு வரை எடுத்து விடுவது நல்லது.

6. டைமர் வையுங்கள். ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். முன்னதாகப் பார்த்தால் மெல்லிய கோடு தெரியாது; அரை மணி கழித்துப் பார்த்தால் காய்ந்த தடம் கோடுபோலத் தெரியும்.

7. இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துத் தனித்தனித் தாளில் எழுதுங்கள். ஆய்வக முடிவோ நோயாளியின் தீட்டுத் தேதியோ இருவருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. 'இவருக்கு 40 நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்று தெரிந்த கண், இல்லாத கோட்டையும் பார்த்துவிடும்.

8. மங்கலான கோட்டைத் தனியாகக் குறியுங்கள். இரண்டு பேர் எத்தனை தடவை ஒத்துப்போனார்கள் என்பதும் ஒரு முடிவுதான். முழு ரத்தத்தில் பின்புலம் இளஞ்சிவப்பாகிக் கோட்டை மறைப்பதுண்டு. அதையும் எழுத வேண்டும்.

கன்ட்ரோல் கோடு வந்துவிட்டது என்றால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் நிறைய. திரவம் பட்டையில் ஓடியது, வேதிப்பொருள் வேலை செய்தது என்பதை மட்டுமே அது சொல்லும். விட்ட ரத்தத்தின் அளவு சரியா என்பதை அது சொல்லாது. கன்ட்ரோல் கோடு வராத கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கணக்கிலிருந்து மறைப்பதும் தவறு. எத்தனை என்று அறிக்கையில் வர வேண்டும்.

பாதுகாப்பு: பயன்படுத்திய லான்செட் உடனே வெள்ளை நிறக் குத்துப்படாத டப்பாவுக்குள் போக வேண்டும். பணியாளர்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஊசி குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும், ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் கூடிய சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

கணக்கு போடும் முறை

ஒரு கற்பனைக் கணக்கு. ஆய்வகப்படி 60 பேர் கர்ப்பிணிகள், 140 பேர் இல்லை. கிட் 57 கர்ப்பிணிகளைக் கண்டுபிடித்தது, மூவரைத் தவறவிட்டது. கர்ப்பமில்லாத இருவருக்குக் கோடு காட்டியது. உணர்திறன் 57/60, அதாவது 95 சதவீதம். கர்ப்பமில்லாதவரைச் சரியாக விலக்கும் திறன் 138/140, அதாவது 98.6 சதவீதம்.

இதோடு நிறுத்தினால் அறிக்கை அழகாக இருக்கும். உண்மை வெளியே வராது. 60 பேரை ஹார்மோன் அளவுப்படி பிரியுங்கள். 50 அலகுக்குக் கீழே இருந்த 15 பேரில் கிட் கண்டுபிடித்தது 12 பேரை. மேலே இருந்த 45 பேரையும் கண்டுபிடித்துவிட்டது. ஆக, மேலே 100 சதவீதம், கீழே 80 சதவீதம். அந்த 80-க்கும் 15 பேர்தான் ஆதாரம் என்பதால், உண்மையான எண் ஏறத்தாழ 55-க்கும் 93-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஒவ்வொரு சதவீதத்தின் பக்கத்திலும் இப்படி 95 சதவீத நம்பக எல்லையை எழுதாத அறிக்கையை ஏற்க வேண்டாம்.

எண் காட்டும் கருவி என்றால்

குறைந்தது 40 மாதிரிகளைக் கருவியிலும் ஆய்வகத்திலும் அளந்து ஒப்பிடுவது வழக்கம். கூடவே ஒரே மாதிரியை நாளுக்கு ஐந்து தடவையாக ஐந்து நாள் அளந்தால், கருவி தன்னோடு தான் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று தெரியும். ஒப்பீட்டில் பலர் ஒட்டுறவுக் கெழுவை மட்டும் பார்த்து, '0.99 வந்துவிட்டது' என்று திருப்திப்படுகிறார்கள். எப்போதும் 20 சதவீதம் குறைத்துக் காட்டும் கருவிக்கும் அந்தக் கெழு 1 வரும். பிளாண்ட், ஆல்ட்மன் இருவரும் 1986-ல் லான்செட் இதழில் விளக்கிய முறையே சரி: ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு எண்களின் வித்தியாசத்தை, அவற்றின் சராசரிக்கு எதிராக வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்ப்பது.

20 சதவீதம் என்ன செய்யும் என்று பாருங்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பின் 2018 வழிகாட்டுதல்படி, தொடக்க அளவு 1500-க்குக் கீழே இருந்தால், நல்ல கர்ப்பத்தில் 48 மணி நேரத்தில் குறைந்தது 49 சதவீத ஏற்றத்தை எதிர்பார்க்கலாம். ஒரு பெண்ணின் அளவு 400-லிருந்து 600 ஆகிறது. 50 சதவீத ஏற்றம். முதல் நாள் ஆய்வகத்தில் 400. மூன்றாம் நாள் அவசரத்தில் கட்டிலருகே அளக்க, 20 சதவீதம் குறைத்துக் காட்டும் கருவி 480 என்கிறது. ஏற்றம் 20 சதவீதம்தான்! கர்ப்பம் வளரவில்லை, அல்லது குழாயில் இருக்கிறது என்ற சந்தேகம் எழுந்து, மெத்தோட்ரெக்ஸேட் வரை பேச்சு போகலாம். ஆசையாய்க் காத்திருந்த ஒரு கரு, இரண்டு கருவிகளின் சண்டையில் பலியாகக் கூடாது. தொடர் அளவீட்டை எந்தக் கருவியில் தொடங்கினோமோ அதிலேயே முடிக்க வேண்டும் என்று வார்டில் எழுதி ஒட்டுங்கள்.

முடிவு முரண்படும்போது

கோடு இருக்கிறது, கர்ப்பம் இல்லை: சில பெண்களின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருட்கள், பரிசோதனையின் எதிர்ப்பொருட்களை ஒட்டவைத்துப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டிவிடும். 2000-ல் லான்செட்டில் ரோட்மென்ஷ், கோல் இருவரும் 12 பெண்களைப் பற்றி எழுதினார்கள். பொய்யான ஹெச்.சி.ஜி. முடிவால் புற்றுநோய் என்று நம்பப்பட்டு, அவர்களில் பெரும்பாலோருக்குத் தேவையில்லாத அறுவையோ கீமோதெரபியோ நடந்தது. சிறுநீரில் சோதித்துப் பார்ப்பது எளிய வழி. அந்த எதிர்ப்பொருட்கள் சிறுநீருக்குள் போவதில்லை. இன்னொரு நிறுவனத்தின் முறையில் அளப்பதும், நீர்க்கச் செய்து அளக்கும்போது எண் விகிதப்படி குறைகிறதா என்று பார்ப்பதும் உதவும். கருத்தரிப்பு சிகிச்சையில் ஹெச்.சி.ஜி. ஊசி போட்டவரா, சமீபத்தில் கரு கலைந்தவரா என்றும் கேட்டுவிட வேண்டும்.

கர்ப்பம் இருக்கிறது, கோடு இல்லை: முத்துப்பிள்ளை கர்ப்பத்தில் ஹார்மோன் பல லட்சம் அலகுக்கு ஏறும்போது, அளவு மிகையாகி எதிர்ப்பொருட்களை நிரப்பிவிட, கோடு மங்கும் அல்லது மறையும். வயிறு பெரிதாக இருந்து, வாந்தியும் ரத்தப்போக்கும் உள்ள பெண்ணுக்கு நெகட்டிவ் வந்தால், மாதிரியை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி பாருங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவரா என்றும் விசாரியுங்கள். பயோட்டினைப் பயன்படுத்தும் பரிசோதனைகளில் அது முடிவைத் திரித்துவிடும் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2017 நவம்பரில் எச்சரித்தது. கிட் அந்த வகையா என்பது தாளில் இருக்கும்.

கிட்டை ஏற்றுக்கொண்ட பிறகு

முதலில் எழுதிய வரம்புக்குள் முடிவு வந்தால் கிட் வார்டுக்குப் போகலாம். கூடவே ஒரு பக்கக் குறிப்பு சுவரில் இருக்கட்டும்: யார் செய்யலாம், எத்தனை நிமிடம், எந்த ட்யூப், எங்கே பதிவது. வலியும் தள்ளிப்போன தீட்டும் உள்ள பெண்ணுக்கு நெகட்டிவ் வந்தால் அன்றே சீரம் ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்ற வரி அதில் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும்.

புது லாட் வரும்போதெல்லாம் பழைய லாட்டோடு சேர்த்து ஒரு நெகட்டிவ், ஒரு 30 அலகு, ஒரு உயர்ந்த மாதிரி என மூன்றை ஓட்டிப் பாருங்கள். ஆய்வகத்தோடு முரண்படும் ஒவ்வொரு முடிவையும் தேதி, லாட், ஹீமட்டோக்ரிட், படித்தவர் பெயரோடு ஒரு நோட்டில் பதியுங்கள். மாதம் ஒருமுறை மருத்துவரும் டெக்னீஷியனும் அதைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரே லாட்டில் இரண்டு கர்ப்பங்கள் தப்பியிருந்தால் அந்த லாட்டை அன்றே நிறுத்திவிட்டு, மீதிப் பெட்டிகளைப் பூட்டி, தயாரிப்பாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.